கயோட்டிக்கு எந்தத் தோட்டா

குட்டி ஈனும் முகாம், பஃபலோ ஊருக்குத் தெற்கே, வயோமிங்
1979 ஏப்ரல் 9, திங்கள்

ஆர்னோ,

நலமா என்று கேட்டு எழுத நேரமில்லை. இங்கே நலமாகவும் இல்லை.

ஆடுகள் குட்டி போட ஆரம்பித்து ஆறு நாள் ஆகிறது. அதற்குள் பதினொரு குட்டிகளைக் கயோட்டி அடித்துவிட்டது. தூக்கிப் போனது பாதி, கிழித்துப் போட்டுவிட்டுப் போனது பாதி. நரிப் புத்தியும் ஓநாய்ப் பசியும் உள்ள அந்தச் சனியன்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது உன் தோட்டாவைப் பற்றி.

ஜனவரியில் டெல்மாரின் தீவன லாரியில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாயே, மூடியில் உன் கோழிக் கிறுக்கலில் "ஐம்பத்தைந்து கிரெய்ன், முழுக் கவசம்" என்று எழுதி. அதில் பதினாறு சுட்டாகிவிட்டது. ஒன்றுகூட விழவில்லை. நேற்றுக் காலை நூற்றைம்பது கஜத்தில் ஒரு கயோட்டி என் முகத்தைப் பார்த்தபடியே நின்றது. முழங்காலில் துப்பாக்கியை ஊன்றி, மூச்சை அடக்கிச் சுட்டேன். அது காதை ஒரு தரம் ஆட்டிவிட்டு நிதானமாக நடந்துபோயிற்று. பக்கத்தில் ஃபுளோரென்டினோ நின்றுகொண்டிருந்தான். பெருவிலிருந்து வந்து நான்கு வருஷமாக என்னிடம் ஆடு மேய்க்கிறான், வாயே திறக்காதவன், அன்றைக்குத் திறந்தான். "சீனோரா, அது உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகுது" என்றான்.

என் வீட்டுக்காரர் கனிஷ் உயிரோடு இருந்தவரை இந்த ரைஃபிள் அவரிடம் பொய் சொன்னதில்லை. அவர் போன பிறகு, அவர் வாங்கி வைத்திருந்த தோட்டாக்களை வைத்து நானே ஒன்பது கயோட்டி சுட்டிருக்கிறேன். அவை தீர்ந்துபோயின. இப்போது மாறியிருப்பது தோட்டா ஒன்றுதான்.

பக்கத்துப் பண்ணை ஹோலிஸ் வந்திருந்தார். மந்தை முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், மே பதினேழாம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல் என்கிறார். அதுவரை குட்டிகளைக் காப்பாற்ற முடிந்தால் விற்கமாட்டேன். முடியாவிட்டால் விற்றுவிடுவேன். ஐம்பத்தொன்பது வயதில் கயோட்டிக்குத் தீனி போட்டு வளர்க்க எனக்குத் தெம்பில்லை.

கனிஷைப் புதைத்த மறுமாதம், குட்டி போடும் நேரம் பார்த்து, என்னை விட்டுவிட்டு ஜில்லெட் சுரங்கத்துக்கு லாரி ஓட்டப் போனவன் நீ. இந்தக் கேட்டைத் தாண்டாதே என்று நான் சொன்னேன். கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று நீ சொன்னாய். இரண்டும் அப்படியே இருக்கட்டும். சரியான தோட்டா எது, அதை மட்டும் சொல். தோட்டா கட்டுவதில் இந்தப் பக்கம் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் என்றால் நீயும் டெல்மாரும்.

கிராசியானா


ஜில்லெட்
ஏப்ரல் 13, பெரிய வெள்ளி

அக்கா,

நல்ல நாளும் அதுவுமாக உன் வசவு வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டி பனிக்காலத்துக்குக் கட்டியது. தோல் கெடக்கூடாது என்று குண்டு முழுவதையும் செம்பால் மூடியது. இந்தப் பக்கம் ஊசித் துளை போட்டு அந்தப் பக்கம் போய்விடும். பட்டாலும் பட்டதுபோலத் தெரியாது, நாலு மைல் ஓடிப்போய்ச் சாகும். உறைந்த தரையில் பட்டால் தெறித்து எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். குட்டிக் காலத்துக்கு அது ஆகாது. ஓரமாக வைத்துவிடு.

டெல்மாரிடம் வேறு கொடுத்திருக்கிறேன். குண்டு எடை நாற்பத்தைந்து கிரெய்ன், முனையில் குழி விட்டது. வேகம் அதிகம், பட்ட இடத்தில் உடைந்து சிதறும், உள்ளே போனது வெளியே வராது. புல்வெளி அணிலுக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். இருநூறு கஜத்துக்குள் கயோட்டிக்கும் போதும். தபாலில் தோட்டா அனுப்ப விடமாட்டார்கள். ஆகவே வழக்கம்போலக் கடிதம் தபாலில், பெட்டி டெல்மாரிடம்.

ஒரே ஒரு வேண்டுகோள். முதலில் நூறு கஜத்தில் ஒரு காகிதத்தைக் குத்தி வைத்து மூன்று சுடு. அந்தக் காகிதத்தை மடித்து எனக்கு அனுப்பு. தோட்டா மாறினால் படும் இடமும் மாறும், அது உனக்கே தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காகிதத்தைப் பார்த்தால் ஆட்டமா கூடமா என்று நான் சொல்லிவிடுவேன்.

ரைஃபிளை வேறு யாரிடமும் காட்டாதே. பஃபலோவில் இருக்கிற ரிப்பேர்காரன் எவனும் திருகாணியைக் கண்டால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

விற்கிற பேச்சை விடு. ஹோலிஸுக்கு இருக்கிற ஆடு போதும்.

ஆர்னோ


முகாம்
ஏப்ரல் 21

ஆர்னோ,

இருபத்து மூன்று குட்டி ஆகிவிட்டது. உன் சிதறுகிற குண்டு காற்றில்தான் சிதறிக்கொண்டிருக்கிறது.

பெட்டியைக் கொடுக்கும்போதே டெல்மார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இத வெச்சு கொசு சுடலாம்க்கா. இந்தக் காத்துல இது பாதி வழி போயிட்டு வீட்டுக்குத் திரும்பிரும்" என்றான். தீவனக் கடையில் இதைச் சொல்லவும் செய்தான். அதிலிருந்து பஃபலோவில் இருக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் துப்பாக்கி மேல்தான் கவலை. ஒருவர் கனமான குண்டு போடு என்கிறார். ஒருவர் ரைஃபிளை விட்டுவிட்டுச் சிதறு துப்பாக்கியில் பெரிய ரவை போட்டுப் பக்கத்தில் வரவைத்துச் சுடு என்கிறார். கயோட்டியிடம் பக்கத்தில் வா என்று யார் சொல்வது என்று கேட்டேன். பங்குத் தந்தைகூட நேற்று கோவில் வாசலில் நிறுத்தி, அறுபது கிரெய்ன் நல்லது என்றார். பாவ மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் குண்டு எடைதான்.

காகிதம் சுடச் சொல்கிறாய். விடிவதற்கு முன் எழுந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் உட்காருகிறேன். புதன்கிழமை ஒரே நாளில் அறுபது ஆடு குட்டி போட்டது. முகாமுக்குப் பக்கத்தில் நின்று காகிதத்தில் வெடித்துக்கொண்டிருந்தால் ஈன்ற ஆடு குட்டியை விட்டு ஓடும். அதுவும் போக, காகிதம் ஆட்டைத் தின்பதில்லை. பதினான்கு வயதிலிருந்து சுடுகிறவளிடம் காகிதத்தை அனுப்பு, மதிப்பெண் போடுகிறேன் என்கிறாய். உன் வாத்தியார் வேலையை அங்கேயே வைத்துக்கொள்.

எனக்கு விழுகிற தோட்டா வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

கிரா.


ஜில்லெட்
ஏப்ரல் 25

அக்கா,

உன்னோடு பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. மூன்றே மூன்று தோட்டா. அதற்கு முகாமிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போய்ச் சுட்டால் எந்த ஆடும் ஓடாது.

சரி, காகிதம் வேண்டாம். கேட்பதற்காவது பதில் எழுது. குண்டு மேலே போகிறதா, கீழே போகிறதா? இடது பக்கமா, வலது பக்கமா? மண் எங்கே கிளம்புகிறது என்று ஃபுளோரென்டினோவைப் பார்க்கச் சொல். கயோட்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எத்தனை கஜம், எந்தப் பெட்டி, எல்லாவற்றையும் எழுது. இவை இல்லாமல் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் இருட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை ஐம்பத்தைந்து கிரெய்ன், ஈய முனை. காற்றைத் தாங்கும், பட்டால் மலரும். வெடிமருந்தையும் அரை கிரெய்ன் குறைத்திருக்கிறேன். சில துப்பாக்கிகள் மருந்தைக் கொஞ்சம் மாற்றினால் குண்டை வேறு பக்கம் போடும். உன்னுடையதும் போடலாம். வேலை முடிந்து வந்து கை கழுவக்கூட இல்லாமல் கட்டினேன், அதையும் தெரிந்துகொள்.

கடையில் பேசுகிறவர்கள் யாரையும் அந்த ரைஃபிளைத் தொடவிடாதே. மறுபடியும் சொல்கிறேன்.

ஆர்னோ


முகாம்
மே 2

ஆர்னோ,

நாற்பத்தொன்று. எண்ணுவதை இதோடு விட்டுவிட்டேன்.

நீ கேட்டாயே என்று ஒன்றை மட்டும் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை இருநூற்றைம்பது கஜம் இருக்கும், வலது பக்கம் பார்த்து ஒன்று நின்றது. வாயில் குட்டி. தோளில் குறி வைத்தேன். பட்டது தொடையில். குட்டியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே சேஜ் புதருக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. நானும் ஃபுளோரென்டினோவும் மத்தியானம்வரை தேடினோம், கிடைக்கவில்லை. எதையும் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை நான். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. குட்டியும் பிழைக்கவில்லை.

திரும்பி வரும்போது ஃபுளோரென்டினோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சீனோரா, எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. கண்ணாடி போட்டாரு, சரியாப் போச்சு." எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு முன்பே அது எனக்குத் தோன்றிவிட்டது.

இரவில் குட்டிகளுக்கு எண் போடும்போது இலக்கம் கலங்குகிறது. அசதி என்று நினைத்தேன். துப்பாக்கி மேலிருக்கிற ஸ்கோப் கண்ணாடியில் குறிக்கோட்டைப் பார்த்தால் கம்பிபோல நிற்கிறது. அதுவும் கலங்கினால் பரவாயில்லை. தெளிவாகப் பார்க்கிறேன், பார்த்த இடத்தில் படுவதில்லை. அப்படியென்றால் எதைத்தான் பார்க்கிறேன் என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கும் அறுபதில்தான் கண் போனது. உனக்கு நினைவிருக்கும்.

உன்னைத் திட்டினதெல்லாம் தோட்டாவின் மேல் பழி போடத்தான் என்று இப்போது தெரிகிறது. ஆடத் தெரியாதவள் என்றாய். சரிதான்.

கிராசியானா


ஜில்லெட்
மே 6

அக்கா,

உன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த நினைப்பை முதலில் விடு. ஆடத் தெரியாதவள் என்று நான் விளையாட்டுக்குத்தான் எழுதினேன். அதை இவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வாய் என்று தெரியாது.

டெல்மாரிடம் நாலாவது பெட்டி வருகிறது. அறுபது கிரெய்ன். உங்கள் பங்குத் தந்தைக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இதை வைத்துச் சுடும்போது குறியை ஒரு சாண் வலது பக்கம் தள்ளிப் பிடித்துச் சுட்டுப் பார். இருநூறு கஜத்தில் ஒரு சாண். கிட்டத்தில் என்றால் அதில் பாதி. ஏன் என்று கேட்காதே. பட்டால் சொல்லு, அப்புறம் எழுதுகிறேன்.

ஹோலிஸிடம் எதுவும் சொல்லாதே. பதினேழுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. சுரங்கத்தில் காலம் தள்ளிவிடுவேன் என்றா நினைத்தாய்? ஒரு நாள் திரும்பி வரவேண்டும் என்றால் வருவதற்கு ஆடு இருக்கவேண்டும்.

வேறொன்றும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

ஆர்னோ


முகாம்
மே 10

ஆர்னோ,

கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று எண்பது மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு சொல்கிறாய். ஒரு சாண் தள்ளிப் பிடி என்றும் சொல்கிறாய். எந்தக் கண்ணில் குறை, எத்தனை சாண் குறை என்று நீ எப்படிக் கண்டாய்? செய்தும் பார்த்தேன். இரண்டு முறை. புதுப் பெட்டியில் அதுவும் பலிக்கவில்லை. குண்டு வலது பக்கம் புதருக்குள் எங்கேயோ போயிற்று. முதலாவதிலிருந்து கடைசி வரை ஒரே பெட்டியாக இருந்திருந்தால் கையாவது பழகியிருக்கும். நீ வாரத்துக்கு ஒரு தோட்டா அனுப்பினாய், நான் வாரத்துக்கு ஒரு பைத்தியக்காரி ஆனேன்.

இப்போதைக்கு ஐம்பத்தெட்டு. ஃபுளோரென்டினோ எண்ணிக்கொண்டிருக்கிறான். விளக்குகளைக் கட்டிப் பார்த்தோம், ரேடியோவை அலறவிட்டுப் பார்த்தோம். ரேடியோ வைத்த பக்கத்தில்தான் நேற்று இரண்டு போயின. பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகின்றன. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

தீவனக் கடையில் நேற்று அவர்கள் குண்டு எடையை ஆரம்பித்தார்கள். தோட்டாவில் ஒன்றும் இல்லை, என் கண் போய்விட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு யோசனை சொல்லவில்லை. அந்த வரைக்கும் நிம்மதி.

கண் தெரியாதவள் கையில் துப்பாக்கி இருப்பது ஆட்டுக்கும் நல்லதில்லை, ஃபுளோரென்டினோவுக்கும் நல்லதில்லை. பதினேழாம் தேதி ஹோலிஸ் வருகிறார். மனசு மாற ஏதாவது காரணம் கிடைத்தால் நல்லது. எனக்குக் கிடைக்கவில்லை.

இனிப் பெட்டி அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

கிராசியானா


(டெல்மார் கொண்டுவந்த ஐந்தாவது பெட்டிக்குள், தோட்டாக்களின் மேல் மடித்து வைத்திருந்தது)

ஜில்லெட்
மே 12, சனி

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் நீ தபால் நிலையத்திலேயே, எல்லோர் முன்னாலும் பிரித்துப் படிப்பாய். பெட்டியை நீ தனியாக இருக்கும்போதுதான் திறப்பாய். டெல்மார் திங்கட்கிழமையே வந்துவிடுவான். நானே வந்து சொல்லவேண்டியது. உன் கேட்டுக்கு முன்னால் நின்று இதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

போன அக்டோபரில் நீ குட்டிகளை லாரி ஏற்றிவிடப் போய் இரண்டு நாள் வீட்டில் இல்லை. அப்போது நான் வந்தேன். உன்னைக் கேட்காமல், வராதே என்று நீ சொன்ன கேட்டைத் தாண்டி, ஆணியிலிருந்து கனிஷின் ரைஃபிளை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போனேன். என்னிடம் இருப்பது நானூறு கஜத்துக்கு ஆகாது. பெருமைக்கு ஆசைப்பட்டேன். வண்டியின் முன்பக்கத்து மூடியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி ஊற்றினேன். சரிந்து கல்லில் விழுந்தது, ஸ்கோப் அடியில். கண்ணாடி உடையவில்லை. அதைத் தாங்குகிற பட்டை லேசாக வளைந்திருந்தது. கண்ணளவில் நேராக்கி, துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஒரு பொருளை உன்னை நம்பிக் கொடுக்க முடியாது என்று நான் கிளம்பிய அன்றைக்கு நீ சொன்னது அந்த வாரமெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஸ்கோப் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே போய்ப் படுகிற ஒரு தோட்டாவைக் கண்டுபிடித்துவிட்டால் யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். எடையை மாற்றினேன், மருந்தை மாற்றினேன். நீ காகிதம் அனுப்பியிருந்தால் கண்டுபிடித்தும் இருப்பேன். அதற்காகத்தான் காகிதம் காகிதம் என்று அடித்துக்கொண்டேன். நீ வாத்தியார் என்றாய். திருடன் என்று உனக்குத் தெரியாது.

கூடம்தான் அக்கா கோணல். நான்தான் கோணலாக்கினேன். உன் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

இந்தப் பெட்டியில் இருப்பது ஐம்பத்தைந்து கிரெய்ன் ஈய முனை, கனிஷ் போட்ட அதே மருந்து. குட்டிக் காலத்துக்கு இதைவிடச் சரியான தோட்டா கிடையாது. காகிதத்தில் மூன்று சுடு. இடது பக்கம்தான் போயிருக்கும். எவ்வளவு என்று பார்த்து, ஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகை வலது அம்புக்குறி பக்கம் திருப்பு. நடுவில் வரும்வரை திருப்பு. அரை மணி நேர வேலை. அதற்குமேல் ஒரு கயோட்டியும் உன்னிடம் தப்பாது.

ஹோலிஸை வாசலோடு அனுப்பிவிடு. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. விற்காதே.

ஆர்னோ


பண்ணை வீடு
மே 18, வெள்ளி

ஆர்னோ,

முடிந்துவிட்டது. நேற்று ஹோலிஸ் வந்தார், கைகொடுத்தேன். மத்தியானமே நான்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. ஃபுளோரென்டினோவும் ஆடுகளோடு போகிறான். அவனுக்கு வேலை உண்டு என்று ஹோலிஸிடம் முதலிலேயே பேசிவிட்டேன். கிளம்பும்போது, "கண்ணப் பாத்துக்கங்க சீனோரா" என்று மட்டும் சொன்னான்.

நான் கடைசிவரை தாயாடுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். ஹோலிஸின் ஆள் ஒருத்தன், "நான் எண்ணிக்கிறேன்மா, நீங்க உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன்.

டெல்மார் திங்கட்கிழமை மறுபடியும் ஒரு பெட்டியை நீட்டினான். "ரொம்ப அவசரம்னு ரெண்டு தடவ சொன்னாருக்கா" என்றான். அவனுக்கு உப்பு மூட்டைகூட அவசரம்தான். அனுப்பாதே என்று கெஞ்சிய பிறகும் அனுப்பியிருக்கிறாயே என்று வந்த ஆத்திரத்தில் திறக்கவே இல்லை. அலமாரியில் மற்ற நான்கோடு வைத்தேன். அடுத்த நடையில் ஐந்தையும் திருப்பி அனுப்புகிறேன். புல்வெளி அணிலுக்கு ஆகும் என்றாயே, சுட்டுக்கொள்.

உன்மேல் கோபம் இல்லை. உன்னால் முடிந்ததைச் செய்தாய். நீ திரும்பி வர ஆடு வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் வருத்தம்.

கிராசியானா


ஜில்லெட்
மே 21

அக்கா,

பெட்டியைத் திற. திருப்பி அனுப்பாதே. டெல்மாரிடம் கொடுக்காதே. மூடியை எடுத்துப் பார், அதற்குள் கடிதம் இருக்கிறது. நீ திறப்பாய் என்று நினைத்தேன். நாலு பெட்டியைத் திறந்தவள் ஐந்தாவதைத் திறக்கமாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஹோலிஸ் நல்ல மனிதர். கேட்டுப் பார். நானும் கேட்கிறேன். எப்படியாவது கேட்போம்.

முதலில் திற.

ஆ.


பண்ணை வீடு
மே 26, சனி

ஆர்னோ,

திறந்தேன். படித்தேன். இரண்டு நாள் எதுவும் எழுதக்கூடாது என்று இருந்தேன், அதனால்தான் தாமதம்.

முதலில் காகிதம். கேட்டுக்கொண்டே இருந்தாயே, இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நூறு கஜம், வேலிக் கம்பத்தில் குத்தி வைத்து, வைக்கோல் கட்டின்மேல் ஊன்றிச் சுட்டது. நடுவிலிருந்து ஐந்து அங்குலம் இடது பக்கம். மூன்று துளையையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடலாம், கண் போனவள் சுட்டது அப்படி இருக்காது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மந்தை போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது, நான் வெறும் காட்டில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சிரிப்புக்காக உன்னை மன்னிக்க இன்னும் நாளாகும்.

ஹோலிஸிடம் போனேன். காரணம் சொல்லாமல் கேட்டேன். அவர் தன் முத்திரையைப் போட்டு ஆடுகளை மலைக்கு ஏற்றிவிட்டார், பாதியைத் தன் மைத்துனருக்குப் பிரித்துக் கொடுத்தும்விட்டார். "நீங்களாத்தானே கை கொடுத்தீங்க" என்றார். நானாகத்தான் கொடுத்தேன். நீ அவரிடம் போய்க் கேட்காதே.

துப்பாக்கியைத் திருடினதற்குக் கோபம் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன், அது உனக்கும் தெரியும். கீழே போட்டதற்கும் இல்லை. யார் கையிலிருந்தும் எதுவும் விழும். தோட்டாவை மாற்றி மாற்றி அனுப்பினாயே, அதைக்கூட நினைத்தால் வயிறு எரிந்தாலும் உன் மண்டை அப்படித்தான் வேலை செய்யும் என்று விட்டுவிடலாம். ஆனால் மே இரண்டாம் தேதி நான் எழுதினேன், பயமாக இருக்கிறது என்று. அம்மாவின் கண்ணைச் சொல்லி எழுதினேன். வாழ்க்கையில் ஒருத்தருக்கும் அப்படி எழுதினதில்லை. அதைப் படித்துவிட்டு, நீ உட்கார்ந்து அறுபது கிரெய்ன் கட்டியிருக்கிறாய். ஆர்னோ, அதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். இருக்காது. எழுதவும் வேண்டாம்.

வந்து காலில் விழுகிறேன் என்று கிளம்பிவிடாதே. பார்த்தால் அடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. வேலி அடைக்கும் மாதத்தில் வா. கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் எனக்கு ஒரு ஆள் வேண்டும். வந்தால் நேராக வேலையில் இறங்கு, பேசாதே.

இன்னொன்று. ஊரில் எல்லோரிடமும் என் கண் போய்விட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை. சொன்னால், பின்னே எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். இந்த ஊரில் ஒரு மந்தையைத் தொலைத்தவன் என்று பேர் வாங்கினால் நீ சாகும்வரை ஒரு காப்பிக்கடையில் உட்கார முடியாது. டெல்மார் ஏதாவது கேட்டால், ஆமாம், அக்காவுக்குக் கண் சரியில்லை என்றே சொல்.

இப்போது தீவனக் கடையில் என்னைக் கைபிடித்துப் படி இறக்கிவிடுகிறார்கள். நானும் கையைக் கொடுத்து இறங்கிக்கொள்கிறேன்.

கிராசியானா